பொளவுக்குள் ஒரு சம்பந்தி விருந்து

என் மகள் ஆந்தை பார்க்கிற வேலை பார்க்கிறாள். இதை இப்படிப் பளிச்சென்று சொல்வதற்கே எனக்கு வெகுநாள் பிடித்தது. யாராவது கேட்டால் "காலேஜுல ஆராய்ச்சி பண்றா" என்று நிறுத்திக்கொள்வேன். எதில் ஆராய்ச்சி என்று தோண்டினால், அடுப்பில் பால் வைத்திருப்பது திடீரென்று ஞாபகம் வந்துவிடும்.

அவள் அந்தப் படிப்பில் சேர்ந்தபோது நான் போடாத சண்டை இல்லை. "ஏன்டி, மயில் இருக்கு, கிளி இருக்கு, மீன்கொத்தி இருக்கு. ஒனக்கு வேற பறவையே கெடைக்கலையா?" என்றேன். "மயில எல்லாரும் பாத்துட்டாங்கம்மா, ஆந்தையத்தான் யாரும் பாக்கல" என்றாள். யாரும் ஏன் பார்க்கவில்லை? பார்த்தால் ஆகாது என்பதால்தானே? கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் முந்திரித் தோப்பில் ஒரு ஆந்தை அலறினால், வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்று மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைக்கிறவள் நான். எனக்கு வந்து பிறந்தது இப்படி.

சரி, அவள் பாட்டுக்குப் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வினை வந்தது கல்யாணப் பேச்சில். பையன் அவளோடு கல்லூரியில் படித்தவன், இப்போது சென்னையில் வேலை. அவனுக்கு ஆந்தை விஷயம் எல்லாம் தெரியும், அதனால்தான் பிடித்தது என்று வேறு சொல்லியிருக்கிறான். ஆனால் அவன் அம்மாவிடம் சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை. அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்து அவனை ஆளாக்கியவர் அந்த அம்மா. ஒரு பார்வை பார்த்தால் எதிரே நிற்கிறவருக்குச் சட்டைப் பொத்தான் சரியாகப் போட்டிருக்கிறோமா என்று சந்தேகம் வந்துவிடும்.

பெண் பார்க்க வந்த அன்று அவர் கேட்டார், "பாப்பா எதுல ஆராய்ச்சி பண்ணுது?" என் வீட்டுக்காரர் கண்ணை மூடித் திறப்பதற்குள், "மூலிகைச் செடிங்க" என்றார். நான் கையில் கேசரித் தட்டோடு அப்படியே நின்றேன். மனுசன் ஒரு நாள் கூட மூலிகை என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கிருந்துதான் வந்ததோ!

மகளுக்கு இது தெரிந்தது நிச்சயம் முடிந்த பிறகு. வீடே இரண்டுபட்டது. "கல்யாணத்துக்கு முன்னாடி நானே அத்தைகிட்ட சொல்லிருவேன். கேட்டுட்டு வேணாம்னா வேணாம். பொய் சொல்லிட்டு ஒரு வீட்டுக்குள்ள போயி நான் வாழ மாட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அந்தப் பையன் மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். ஆந்தையையும் விட மாட்டாள், அவனையும் விட முடியாது. "கொஞ்சம் பொறு, நல்ல நேரம் பாத்து நாங்களே பக்குவமாச் சொல்றோம்" என்று நானும் என் வீட்டுக்காரரும் கெஞ்சி நிறுத்தி வைத்தோம்.

நல்ல நேரத்துக்கு முன்னால் போன் வந்தது. சம்பந்தியம்மாதான்.

"சம்பந்தி, எனக்கு முட்டி வலி தாங்கல. மருமக செடி பறிக்கிற மலைக்கு நானும் ஒரு நாள் வாரேன். ஏதாச்சும் எலை தழை இருந்தாக் குடுக்கட்டும். அது எங்கிட்டுப் போகுது வருதுன்னு நானும் பாத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

முட்டி வலிக்காரி மலை ஏறலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்க முடியுமா? பையனின் அம்மா வாயைத் திறந்து ஒன்று கேட்டு, பெண் வீட்டில் மாட்டேன் என்று சொன்ன சரித்திரம் எங்கள் பக்கம் கிடையாது. "தாராளமா வாங்க சம்பந்தி, ஞாயித்துக்கெழம போவம்" என்று என் வாயே சொல்லிவிட்டது.

மகளுக்குச் சந்தோஷம். "நல்லதாப் போச்சு. அங்க வச்சே சொல்லிடுறேன்" என்றாள். "நீ வாயத் தொறக்கக் கூடாது. அவங்க நல்லாச் சாப்பிடட்டும், வயிறு குளுந்திருக்கறப்ப நான் சொல்றேன்" என்றேன். நான் மலைபோல் நம்பியது என் சமையலைத்தான்.

சம்பந்தி முதல் முறையாக நம்மோடு ஓரிடத்துக்கு வருகிறார். புளிச்சோற்றைப் பொட்டலம் கட்டிக் கொடுக்க முடியுமா? மட்டன் சுக்கா, கோலா உருண்டை, அவித்த முட்டை, ரசம், பாயசம். தலைவாழை இலை தனியாக ஒரு சாக்கில். "காட்டுக்குள்ள எதுக்குடி பாயசம்?" என்றார் என் வீட்டுக்காரர். "நீங்க மூலிகைன்னு சொன்னீங்கள்ல, அதுக்குத்தான்" என்றேன். அதன் பிறகு தூக்குச்சட்டிகளை அவரே எடுத்து வண்டியில் வைத்தார்.

வண்டி என்பது எங்கள் குட்டியானை. முந்திரி மூட்டை ஏற்றுகிற அந்தச் சின்ன லாரிதான். கார் எடுக்கலாம் என்றால் அந்தப் பாதைக்குக் கார் போகாது என்று மகள் சொல்லிவிட்டாள். புதுக்கோட்டையில் சம்பந்தியம்மா கஞ்சி போட்ட சேலையில், மடிப்பு கலையாமல், தோளில் ஒரு துணிப்பையோடு கடை வாசலில் நின்றிருந்தார். முன்சீட்டில் அவரை உட்கார வைப்பதற்கே ஒரு பஞ்சாயத்து. "நீங்க உக்காருங்க." "அய்ய, நீங்க உக்காருங்க சம்பந்தி." கடைசியில் அவரை ஏற்றிவிட்டு, நானும் மகளும் பின்னால் ஏறி, சட்டிகளைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டோம்.

சித்தன்னவாசல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தார் ரோடு முடிந்தது. அதற்கு மேல் கப்பி. என்றைக்கோ ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனவர்கள் தார் ஊற்றத் திரும்பி வரவே இல்லை. அப்புறம் அந்த ஜல்லியும் இல்லை, செம்மண் பள்ளம், அதற்குள் வண்டித் தடம், தடத்துக்குள் இன்னொரு பள்ளம். குட்டியானை ஒரு பக்கம் சாய்ந்தால் நானும் மகளும் அந்தப் பக்கம் உருண்டோம். ஒரு குலுக்கலில் பாயசச் சட்டி மூடி திறந்து என் மடியில் அபிஷேகம் ஆனது. "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டாதீங்க!" என்று வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். முன்னால் சம்பந்தியம்மா இருக்கிறார் என்பதே மறந்துவிட்டது. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "நல்லாக் கேளுங்க சம்பந்தி, என் இடுப்பும் கழண்டு போச்சு" என்றார். எனக்கு அப்போதே அவரைக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

வண்டி நின்ற இடத்திலிருந்து நடை. இரண்டு பாறை மலைகள், நடுவில் கத்தியால் கீறினாற்போல் ஒரு இடுக்கு. அதைப் பொளவு என்றாள் மகள், பக்கத்து ஊர்க்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். வெளியே நின்று பார்த்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது என்று தோன்றும். நுழைந்தால் வெயில் பட்டென்று அணைந்து, பாறையிலிருந்து சில்லென்று காற்று வருகிறது. இரண்டு பக்கமும் பாறைச் சுவர் நெட்டுக்கு மேலே போகிறது. மேலே ஒரு முழம் வானம். கீழே உருண்டு கிடக்கிற குண்டுக் கற்கள் மேல் தாவித் தாவிப் போக வேண்டும். நான் முதல் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சம்பந்தியம்மா என்ன செய்தார் தெரியுமா? கஞ்சி போட்ட சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கி இழுத்துச் செருகிக்கொண்டார். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டார். கல்லுக்குக் கல் கை ஊன்றி, மகள் பின்னாலேயே போய்விட்டார். முட்டி வலி எங்கே போனது என்று தெரியவில்லை. நடுவில் முழங்கால் அளவு தண்ணீர் தேங்கிய ஒரு சுனை. "யாத்தே, என்னா குளுமை!" என்று அதில் இறங்கி முகம் கழுவிக்கொண்டார்.

அதற்கு அப்பால் பாறை நெருங்கி வந்து, ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக வேண்டிய இடம். மகள் போனாள். சம்பந்தியம்மா போனார். நான் சிக்கிக்கொண்டேன். ஒரு கையில் சுக்கா சட்டி, ஒரு கையில் ரசச் சட்டி, முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "சட்டியக் கீழ வையிடி!" என்கிறார். எங்கே வைக்கிறது? குனிய முடிந்தால்தானே?

"சம்பந்தி, இங்க பாருங்க. பயப்படாதீங்க. மூச்ச முழுசா வெளிய விடுங்க. விட்டுட்டு என் பக்கமாச் சாயுங்க" என்று சம்பந்தியம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் மூச்சை விட்டேன். அவர் இழுத்தார், பின்னால் இவர் தள்ளினார். நான் வெளியே வந்து அவர் மேலேயே விழுந்தேன். ஒரு சொட்டு ரசம் சிந்தவில்லை. இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்க வாங்கச் சிரித்தோம். இந்த அம்மாவுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று நினைத்தேன். நினைத்த கையோடு, ஆந்தை ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது.

இதற்குள் என் வீட்டுக்காரர் மூலிகை டாக்டர் ஆகிவிட்டிருந்தார். வழியில் ஒரு கொடியைக் காட்டி, "இது மலைச்சஞ்சீவி வகைங்க" என்றார். சம்பந்தியம்மா குனிந்து பார்த்தார். "இது பெரண்டைண்ணே. எங்க வீட்டு வேலியில கெடக்கு." இவர் அடுத்து ஒன்றைக் காட்டினார். "அது முடக்கத்தான். வாராவாரம் தோசை ஊத்துறேன்." மனுசன் வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

மகள் ஒரு பாறைக்கு அடியில் உட்கார்ந்து எதையோ பொறுக்கிச் சின்ன உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் அளவு, சாம்பல் நிறம், காய்ந்த உருண்டைகள். "அது என்னாத்தா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்தேன். இவர் சொல்கிறார், "அது கெழங்குங்க. காஞ்ச கெழங்கு. முட்டி வலிக்கு அத விட்டா வேற மருந்தே இல்ல." சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் குனிந்து நாலைந்தைப் பொறுக்கி இடுப்புச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். சாப்பாடு வரைக்கும் பொறு என்று நான் கண்ணால் கெஞ்சினேன்.

பொளவு கொஞ்சம் அகலமாகிற இடத்தில் ஒரு தட்டைப் பாறை. அதில் இலை விரித்து, தண்ணீர் தெளித்து, சம்பந்தி விருந்து பரிமாறினேன். மலை இடுக்குக்குள் தலைவாழை இலை போட்டுச் சாப்பிட்டவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். சம்பந்தியம்மா கோலா உருண்டையைப் பிட்டு வாயில் போட்டு, "கைமணம் சம்பந்தி" என்றார். நான் தொண்டையைச் செருமினேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் சுருக்குப் பையை அவிழ்த்து அந்த உருண்டைகளில் ஒன்றை எடுத்து, ஒரு ஓரத்தைக் கிள்ளினார்.

"இத அரச்சுக் குடிக்கணுமாண்ணே, இல்ல சோத்தோட சும்மா மெல்லலாமா?"

கை வாய்க்குப் போகிறது.

"அத்தை, வேணாம்! அது கெழங்கு இல்ல! எலி எலும்பு!" என்று மகள் பாய்ந்து கையைத் தட்டிவிட்டாள். உருண்டை ரசத்துக்குள் விழுந்தது.

"ஆந்தை எலிய முழுசா முழுங்கிட்டு, முடியையும் எலும்பையும் இப்பிடி உருட்டிக் கக்கிரும் அத்தை. அத எடுத்துத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன். செடி இல்ல, ஆந்தை. மொதல்லேருந்தே ஆந்தைதான். ஒங்க மகனுக்கும் தெரியும். ஒங்களுக்குப் புடிக்கலன்னா இப்பவே சொல்லிருங்க, நான் விலகிக்கிறேன்." ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். பக்குவம், வயிறு குளிர்வது, என் திட்டம் எல்லாம் ரசத்தோடு போயிற்று.

சம்பந்தியம்மா கையைப் பார்த்தார். இலையின் நுனியில் விரல்களைத் துடைத்தார். என் வீட்டுக்காரர் முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

"எங்க இருக்கு?" என்றார் சம்பந்தியம்மா.

மகள் எதிர்ச் சுவரைக் காட்டினாள். உயரத்தில் ஒரு பாறைத் திட்டு. முதலில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் பாறை நிறம். பிறகு பாறையில் ஒரு துண்டு தலையைத் திருப்பியது. தலையில் இரண்டு கொம்பு போல் இறகு. ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கண், உருண்டையாக, எங்களையே பார்த்துக்கொண்டு. நான் சட்டென்று முந்தானையால் முகத்தை மூடினேன். சம்பந்தியம்மா மூடவில்லை. மகள் கழுத்திலிருந்த பைனாகுலரை வாங்கி வைத்துப் பார்த்தார். "கீழ வெள்ளையா ஒண்ணு கெடக்கே?" என்றார். "அதோட குஞ்சு அத்தை. அப்பன் எங்கயாவது பக்கத்துல இருக்கும்." அவர் நெடுநேரம் பார்த்தார்.

"ஏன் சம்பந்தி எங்கிட்ட மறச்சீங்க?" என்று பைனாகுலரை இறக்காமலே கேட்டார்.

"நல்ல காரியம் பேசுற எடத்துல ஆந்தைன்னு சொன்னா, நீங்க சகுனம் பாப்பீங்களோன்னு..." என்று இழுத்தேன்.

"நானா?" அவர் என் பக்கம் திரும்பினார். "கல்யாணச் சட்டை தைக்க எங்கிட்டத்தான் வாராங்க. தையல் நல்லா இருக்கும்ல. ஆனா மொத கத்திரி மட்டும் கடையில வேல பாக்குற கல்யாணமான பொண்ணு போடணும்னு சொல்லுவாங்க. புருசன் போனவ, நான் போட்டா ஆகாது. என்னயவே ஊர்ல சகுனமாத்தான் வச்சிருக்காங்க. நான் போயி இதுக்குச் சகுனம் பாப்பனா?" கொஞ்சம் நிறுத்தி, "நிச்சயத்துல தட்டு மாத்துறப்ப நான் பின்னாடி நின்னேன். என் கொழுந்தனும் அவன் பொண்டாட்டியும் மாத்துனாங்க. நீங்களும் பாத்தீங்க, முன்னாடி வாங்கன்னு கூப்புடல" என்றார்.

கூப்பிடவில்லைதான். கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நெஞ்சில் சுருக்கென்றது. குனிந்து இலையைப் பார்த்தேன்.

சம்பந்தியம்மா என் மகளிடம், "நீ பாரு ஆத்தா. ஆந்தையோ பருந்தோ, நல்லாப் பாரு. எங்கிட்ட மட்டும் பொய் சொல்லாத" என்றார். "நான் சொல்லல அத்தை, அப்பாதான்" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "தெரியும், அண்ணன் மொகத்துலயே எழுதியிருக்கு" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சோறு இன்னும் கொஞ்சம் போடலாம் என்று கரண்டியை எடுத்தேன்.

"இருங்க சம்பந்தி. இப்ப நான் ஒண்ணு கேக்குறேன். என் மகன் கையில தாலிய நான் எடுத்துக் குடுக்கணும்."

கரண்டி கையிலேயே நின்றது. சரி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? என் ஒரே மகள். அவள் கழுத்தில் ஏறுகிற தாலி. அது நீடித்திருக்க வேண்டுமே என்று ஒரு பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது தப்பு என்று புத்திக்குத் தெரிகிறது. பயம் புத்தியையா கேட்கிறது? மகள் என்னையே பார்த்தாள். சம்பந்தியம்மாவும் பார்த்தார். மேலே இருந்து அதுவும் பார்த்தது.

"மிச்சப் பாயசம் ஊத்தவா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் முறைத்த முறையில் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பயமா இருக்கா சம்பந்தி?" என்று சம்பந்தியம்மா மெதுவாகக் கேட்டார். கோபம் இல்லை.

"ஆமா, பயமா இருக்கு" என்றேன். பொய் சொல்லி அலுத்துவிட்டது.

"எனக்கு மட்டும் இல்லையா? ஒத்தப் புள்ள. கேட்டுட்டனே தவிர, கையும் காலும் உதறுது" என்றார். அப்போதுதான் பார்த்தேன், அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பாறை இடுக்கிலிருந்து அசையாமல் இழுத்துப் போட்ட கை அது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"குடுங்க சம்பந்தி. பயந்துக்கிட்டே குடுங்க. நானும் பயந்துக்கிட்டே பக்கத்துல நிக்கிறேன்" என்றேன்.

வைகாசியில் கல்யாணம். மண்டபத்தில் தாலித் தட்டு எல்லோரிடமும் ஆசீர்வாதம் வாங்கித் திரும்பி வந்ததும், சம்பந்தியம்மா எழுந்து முன்னால் வந்தார். முதல் வரிசையில் சலசலப்பு. எங்கள் பக்கத்து அத்தை ஒருத்தி அவர் முழங்கையைப் பிடித்து, "நீங்க எங்கிட்டுப் போறீங்க?" என்றாள். "விடுங்கத்தை, அவங்கதான் குடுக்கணும்" என்று நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரரே ஒரு கணம் நிறுத்திவிட்டார். சம்பந்தியம்மா தட்டை வாங்கினார். கெட்டிமேளம் முழங்கியதும் கை நடுங்க ஆரம்பித்தது, தட்டில் தேங்காய் உருண்டு ஓரத்துக்கு வந்தது. நான் போய்த் தட்டுக்கு அடியில் என் கையையும் கொடுத்தேன். என் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. தட்டு ஆடிக்கொண்டே போய் மாப்பிள்ளையிடம் சேர்ந்தது.